உள்ளே நுழைந்த பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயமல்ல நேர்மை

வீடியோ கேம் பற்றி எழுதிப் பிழைக்க ஆசைப்படும் இளைஞருக்கு இந்தத் துறையில் கிடைக்கும் புத்திமதி ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் காசு கேட்காமல் எழுது, பேர் வரும். கேம் நிறுவனங்களின் மக்கள் தொடர்பு (பி.ஆர்.) ஆட்களோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள், விமர்சனம் எழுத இலவசமாகக் கேமைத் திறந்துதரும் ரிவ்யூ கோட் தேடி வரும். காட்டமாக எழுதி யாரையும் பகைத்துக்கொள்ளாதே, கதவு மூடிவிடும். நாலு பெரிய தளங்களில் பெயர் வந்து, ஒரு வேலையும் நிலைத்துவிட்டால் அப்புறம் நேர்மை, சுதந்திரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். மாதச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகிற கொள்கை, கட்டுரைக்குக் கட்டுரை கூலி வாங்கும் ஃப்ரீலான்ஸருக்குக் கட்டுப்படியாகாது.

இதைக் கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்வதில்லை. சொல்கிறவர்களில் பலர் வாடகை கட்ட முடியாமல் தவித்தவர்கள், அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலே வராமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள். அவர்களுடைய அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அனுபவத்திலிருந்து அவர்கள் எடுத்த முடிவு தவறு. அறத்தின் பார்வையில் மட்டுமல்ல, தொழில் கணக்கிலும் தவறு. ஃப்ரீலான்ஸரிடம் விற்பதற்கு இருக்கும் சரக்கு ஒன்றே ஒன்று: இவர் எழுதினால் நம்பலாம் என்பது. அதை வாசலிலேயே அடகு வைத்துவிட்டு உள்ளே போகிறவருக்கு, போன இடத்தில் விற்க எதுவும் மிஞ்சுவதில்லை.

'இலவசமாக எழுது' என்பதிலிருந்தே தொடங்குவோம். விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கும் ஒரு தளம் எழுதுகிறவருக்கு மட்டும் காசு தராது. "கேம் இலவசமாகக் கிடைக்கும்" என்று சொல்லும். பெரிய கேம் ஒன்று புதிதாக வரும்போது அமெரிக்காவில் அதன் விலை 60, 70 டாலர். அதை வாங்க வசதியில்லாத இளைஞருக்கு இது பெரிய ஈர்ப்பு. ஆனால் அந்த ரிவ்யூ கோடைக் கொடுப்பது தளம் அல்ல, கேமை விற்கிற நிறுவனம். அப்படியானால் எழுதியவருக்குக் கூலி எங்கிருந்து வந்தது? யாருடைய பொருளைப் பற்றி எழுதினாரோ அவரிடமிருந்து வந்தது. தளம் நியாயமான ஊதியம் கொடுத்திருந்தால் அந்தக் கோட் வெறும் வேலைக் கருவி. ஊதியம் இல்லாத இடத்தில் அதே கோட் சம்பளமாக மாறிவிடுகிறது. அடுத்த மாதமும் வரவேண்டுமே என்ற கவலை, எழுதும்போதே கூட வந்து உட்கார்ந்துகொள்கிறது. கவரில் பணம் வைத்து நீட்டினால்தான் கைக்கூலி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஆகவே இலவச எழுத்து ஊதியப் பிரச்சினை மட்டுமல்ல, அதுவே முதல் அறப் பிரச்சினை. சொந்த வலைப்பக்கத்திலோ சொந்த சேனலிலோ காசில்லாமல் எழுதிப் பழகுவது வேறு. அங்கே எழுத்து உங்களுடையது, உரிமை உங்களுடையது, யாரும் உங்கள் உழைப்பை விளம்பரதாரருக்கு விற்கவில்லை. மாதிரிக்கு மூன்று நல்ல கட்டுரைகள் வேண்டும் என்றால் அங்கே எழுதுங்கள். இன்னொருவரின் வியாபாரத்துக்கு இலவசமாக எழுதாதீர்கள்.

இரண்டாவது வாதம் இதைவிடப் பலமானது. 'ஆக்சஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காது' என்பது அது. கேம் வெளியாகும் நாளுக்கு முன்பே விமர்சனம் வந்தால்தான் வாசகர் வருவார்; முன்பே எழுத வேண்டுமானால் நிறுவனம் முன்பே கேமைத் தர வேண்டும்; தர வேண்டுமானால் அதன் மனம் கோணக் கூடாது. தர்க்கம் சரியாகத்தான் தெரிகிறது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2020 டிசம்பரைப் பார்க்க வேண்டும்.

போலந்தின் சிடி பிராஜெக்ட் நிறுவனம் 'சைபர்பங்க் 2077' கேமை அந்த மாதம் 10ஆம் தேதி வெளியிட்டது. மூன்று நாள் முன்னதாக விமர்சனங்கள் வரத் தொடங்கின. விமர்சகர்களுக்குத் தரப்பட்டது கம்ப்யூட்டருக்கான பதிப்பு மட்டும். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பழைய கன்சோல்களில் அது எப்படி ஓடும் என்று பார்க்க அவர்களுக்கு வழி இல்லை. தாங்கள் விளையாடியபோது பதிவுசெய்த காட்சிகளை வீடியோ விமர்சனத்தில் காட்டவும் கூடாது. நிறுவனம் தயாரித்துக் கொடுத்த காட்சிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். சில தளங்கள் இந்த நிபந்தனையைத் தங்கள் விமர்சனத்திலேயே எழுதி வாசகரை எச்சரித்தன. மதிப்பெண்கள் உயரப் பறந்தன. வெளியீட்டுக்கு முன்பே 80 லட்சம் பேர் பணம் கட்டியிருந்தார்கள். வாங்கிக் கன்சோலில் போட்டவர்களுக்குக் கிடைத்தது பாதியில் நின்றுபோகிற, உருவங்கள் கலைந்து தெரிகிற கேம். ஏறக்குறைய ஒரு வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. அது மீண்டும் கடைக்கு வர 2021 ஜூன் ஆயிற்று.

இங்கே எந்த விமர்சகரும் லஞ்சம் வாங்கவில்லை, பொய்யும் எழுதவில்லை. தங்களுக்குக் காட்டப்பட்டதை ஒழுங்காக எழுதினார்கள். ஆனால் காட்டப்படாதது எதுவோ அதுதான் செய்தி. நிறுவனம் வகுத்த எல்லைக்குள் மட்டும் நின்று எழுதும்போது, மிகுந்த யோக்கியரின் எழுத்துகூட நிறுவனத்துக்கே பயன்படும். ஆக்சஸுக்கு இப்படி ஒரு விலை உண்டு.

அந்த விலை கொடுத்து வாங்கும் பொருளாவது நிலையானதா? அதுவும் இல்லை. 2014இல் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' வந்தபோது விமர்சனம் வெளியிட அனுமதித்த நேரம், கேம் விற்பனைக்கு வந்து பன்னிரண்டு மணிநேரம் கழித்து. 2016இல் பெதெஸ்டா நிறுவனம் விமர்சகர்களுக்கு இனி ஒரு நாள் முன்னதாகத்தான் கேம் தருவோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. பத்திரிகையாளர் தேவைப்படும் வரைதான் அவருக்குக் கதவு திறந்திருக்கும். நேரடியாக ரசிகரிடம் பேச யூடியூபும் ட்விட்சும் வந்த பிறகு அந்தத் தேவை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது. குறைந்துகொண்டே போகும் ஒரு சலுகையை நம்பித் தொழில் தொடங்கச் சொல்வது நல்ல யோசனை ஆகாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல்நாள் விமர்சனம் பெரும்பாலும் தளத்தின் சொந்த ஊழியர்கள் செய்கிற வேலை. கோட் அவர்களுக்குத்தான் முதலில் வரும், நேரமும் அவர்களுக்குத்தான் உண்டு. வெளியே இருக்கும் புதியவரிடம் ஓர் எடிட்டர் எதிர்பார்ப்பது, அலுவலகத்தில் இருப்பவர்களால் எழுத முடியாத ஒன்றை. ஆக்சஸுக்காகத் தவம் கிடக்கும் புதியவர், தனக்குக் கிடைக்கவே வாய்ப்பில்லாத வேலைக்காகத் தன் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கிறார்.

வெளியே இருந்தபடியே எழுதி உள்ளே வந்தவர்கள் உண்டா? உண்டு. ஆண்ட்ரூ மெக்மில்லன் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனைச் சேர்ந்த ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளர். 2011 மே மாதம் 'எல்.ஏ. நுவார்' வெளியாகி விமர்சகர்கள் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். நடிகர்களின் முகபாவத்தை அப்படியே கேமுக்குள் கொண்டுவந்த தொழில்நுட்பம்தான் எங்கும் பேச்சு. சிட்னியில் அதை உருவாக்கிய டீம் பாண்டி ஸ்டூடியோவில் வேலை பார்த்துவிட்டு வெளியேறியவர்களை மெக்மில்லன் தேடிப் பேசினார். பதினொரு பேர் பெயர் சொல்லாமல் பேசினார்கள். ஓயாத கூடுதல் வேலைநேரம், மேலிடத்தின் ஏச்சு, ஆண்டுக்கணக்கில் உழைத்தும் கேமின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் இடம் கிடைக்காத கொடுமை என்று அவர்கள் சொன்னவை ஒன்றோடொன்று பொருந்தின. அதோடு அவர் நிற்கவில்லை. ஸ்டூடியோவின் தலைவர் பிரெண்டன் மெக்நமாராவிடமே அந்தக் குற்றச்சாட்டுகளை வைத்து, அவர் சொன்ன பதிலையும் சேர்த்து எழுதினார். ஐஜிஎன் தளத்தில் அந்த ஆண்டு ஜூனில் கட்டுரை வந்தது. பெயர் விடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பட்டியலை முன்னாள் ஊழியர்களே வெளியிட்டார்கள். கேம் உருவாக்குவோரின் சர்வதேச அமைப்பு அங்குள்ள வேலைச்சூழலை விசாரிப்பதாகச் சொன்னது.

அந்தக் கட்டுரைக்கு அவருக்கு என்ன தேவைப்பட்டது? ரிவ்யூ கோட் தேவைப்படவில்லை, குறித்த நேரத்துக்கு முன் எழுத மாட்டேன் என்னும் எம்பார்கோவில் கையெழுத்துப் போடத் தேவையில்லை. தேவைப்பட்டதெல்லாம் பெயரை வெளியே சொல்லத் தயங்கிய பதினொரு பேர் அவரை நம்பியது. பெயரைக் காட்டிக்கொடுக்க மாட்டார், மிகைப்படுத்த மாட்டார், எதிர்த்தரப்பையும் கேட்பார் என்ற நம்பிக்கை. கேம் நிறுவனத்தின் செல்லப்பிள்ளை என்று பெயர் எடுத்த ஒருவரிடம் அவர்கள் வாய் திறந்திருப்பார்களா?

பிரிட்டனில் பத்திரிகையாளர் சைமன் பார்க்கின் இன்னொரு உதாரணம். துப்பாக்கிச் சூட்டு கேம்களில் வரும் துப்பாக்கிகள் ஏன் அசல் பெயரோடு வருகின்றன என்று கேட்டுப் போனார். துப்பாக்கித் தயாரிப்பாளர்களுக்கும் கேம் நிறுவனங்களுக்கும் இடையிலான உரிம ஏற்பாடுகளை 2013 தொடக்கத்தில் யூரோகேமர் தளத்தில் எழுதினார். விளையாடுகிற பிள்ளைகள் வருங்கால வாடிக்கையாளர்கள் என்ற கணக்கு அதில் வெளிப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கேம் நிறுவனம், துப்பாக்கித் தயாரிப்பாளர்களோடு வைத்திருந்த உரிம உறவை விடுவதாக அறிவித்தது. லட்சக்கணக்கானோர் தினமும் விளையாடிக்கொண்டிருந்த கேம்களுக்குள்தான் அந்தச் செய்தி இருந்தது. கேள்வி கேட்க மனம் இருந்தவருக்கு அது கிடைத்தது.

இதற்கு ஒரு பதில் வரும். 'பெரிய தளத்துக்குப் பகை தாங்கும், தனியாளுக்குத் தாங்காது.' உதாரணத்துக்கு, கொட்டாகு தளத்தின் அன்றைய எடிட்டர் ஸ்டீபன் டோடிலோ 2015 நவம்பரில், தங்கள் தளத்தை கேம் நிறுவனங்களான பெதெஸ்டாவும் யூபிசாஃப்டும் நீண்ட காலமாக ஒதுக்கிவைத்திருப்பதை வெளிப்படையாக எழுதினார். வெளியாகாத கேம்களைப் பற்றிய உண்மையான தகவல்களை முன்கூட்டியே வெளியிட்டதுதான் குற்றம். கோட் வரவில்லை, கேள்விகளுக்குப் பதிலும் வரவில்லை. தளம் கேம்களைக் காசு கொடுத்து வாங்கி எழுதிக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து தாங்க ஒரு நிறுவனம் இருந்ததால் கொட்டாகுவால் முடிந்தது என்பார்கள். அது ஓரளவு உண்மைதான். ஆனால் தனியாளுக்கு இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒதுக்கிவைக்கப்படும் தளம் தினசரி வாசகரை இழக்கும். தொடங்கும் நிலையில் இருக்கும் ஃப்ரீலான்ஸரை நிறுவனங்கள் ஏற்கெனவே ஏறிட்டும் பார்ப்பதில்லை. இல்லாத உறவைக் காப்பாற்றுவதற்காக அவர் வாயை மூடிக்கொள்வதில் என்ன லாபம்?

'வேலை நிலைத்த பிறகு நேர்மை' என்னும் வாதத்துக்கு இந்தத் துறையின் வரலாறே பதில் சொல்லியிருக்கிறது. ஜெஃப் கெர்ஸ்ட்மன் கேம்ஸ்பாட் தளத்தில் பத்தாண்டுக்கு மேல் வேலை பார்த்தவர், அதன் ஆசிரியர் குழுவை நடத்தியவர். இதைவிட நிலைத்த இடம் இந்தத் துறையில் இல்லை. 2007 நவம்பரில் 'கேன் அண்ட் லிஞ்ச்' கேமுக்குப் பத்துக்கு ஆறு கொடுத்தார். அதே தளத்தில் அந்தக் கேமின் விளம்பரம் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதமே அவரை வெளியேற்றினார்கள். காரணத்தை வாய் திறந்து சொல்லக் கூடாது என்ற ஒப்பந்தம் அவரைக் கட்டிப்போட்டது. 2012 மார்ச்சில்தான், விளம்பரதாரர்களின் அழுத்தத்துக்கு நிர்வாகம் பணிந்ததை அவரால் சொல்ல முடிந்தது. அவர் போன பிறகு சக ஊழியர்கள் பலர் தாங்களாகவே விலகி வந்தார்கள். அவர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய 'ஜயன்ட் பாம்' தளத்தைச் சந்தா கட்டி வாழவைத்தவர்கள் வாசகர்கள். அவரை வெளியேற்றியது விளம்பரதாரரின் கோபம். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு போட்டது வாசகரின் நம்பிக்கை.

இன்றைய நிலைமை இதைவிட மோசம். 1991இல் தொடங்கிய 'கேம் இன்ஃபார்மர்' இதழை 2024 ஆகஸ்டில் ஒரே நாளில் மூடினார்கள். இணையதளத்தில் இருந்த பல்லாண்டு எழுத்துகளும் சேர்ந்து மறைந்தன. அடுத்த ஆண்டு அதை வாங்கி உயிர்ப்பித்தது ஒரு கேம் தயாரிப்பு நிறுவனம். 2025 மே மாதம் பாலிகன் தளம் விற்கப்பட்டு, ஊழியர்களில் பெரும்பகுதியினர் வெளியேற்றப்பட்டார்கள். நேர்மையைத் தள்ளிவைத்துவிட்டு எந்தப் பத்திரமான இடத்துக்காகக் காத்திருக்கச் சொல்கிறீர்களோ, அந்த இடமே இப்போது இல்லை. உங்கள் எழுத்துகளின் நகலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் புதியவர்களுக்கு இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, 'விளையாட்டுச் சாமானைப் பற்றி எழுதுவதற்கு இத்தனை அறமா?' என்று சிலர் கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஒரே ஒரு கேம் நிறுவனத்தை வாங்கக் கொடுத்த விலை 6,870 கோடி டாலர். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தைச் சாமான் கடை என்று ஒதுக்க முடியாது. விமர்சகர் போடும் ஓர் எண் அங்கே உழைப்பவரின் கூலியையும் தொடுகிறது. 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' கேமை உருவாக்கிய அப்சிடியன் ஸ்டூடியோவுக்கு, மெட்டாக்ரிட்டிக் தளத்தில் விமர்சனச் சராசரி 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. இதை 2012இல் அந்த ஸ்டூடியோவின் கிறிஸ் அவலோனே பொதுவெளியில் சொன்னார். தயவுக்காக ஒரு மதிப்பெண் கூட்டுகிறவரும், பரபரப்புக்காக ஒரு மதிப்பெண் குறைக்கிறவரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

'ரயட் கேம்ஸ்' நிறுவனத்தில் பெண்கள் எதிர்கொண்ட பாகுபாட்டை 2018 ஆகஸ்டில் கொட்டாகுவில் பத்திரிகையாளர் செசிலியா டனாஸ்டாசியோ எழுதினார். வழக்குகள் வந்தன. முதலில் ஒரு கோடி டாலரில் முடிக்கப் பார்த்தார்கள். கலிஃபோர்னியா அரசு அமைப்புகள் போதாது என்று தலையிட்டன. 2021 டிசம்பரில் 10 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. எழுத்தின் பின்னால் இப்படி மனிதர்களின் வாழ்க்கை இருக்கிறது.

ஏமாற்றப்படும் வாசகரும் இருக்கிறார். 2014இல் 'ஷேடோ ஆஃப் மோர்டார்' கேமுக்காக வார்னர் பிரதர்ஸ் யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்தது. கேமைப் பற்றி நல்லவிதமாகப் பேச வேண்டும், அதன் கோளாறுகளைக் காட்டக் கூடாது என்பது நிபந்தனை. பணம் வாங்கிய தகவல், பார்ப்பவர் தனியாக அழுத்தித் திறந்தால்தான் தெரிகிற இடத்தில் இருந்தது. அந்த வீடியோக்கள் 55 லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டன. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016இல் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. அரசாங்கமே தலையிடும் அளவுக்கு இது மோசடி என்றால், இதைச் சின்ன விஷயம் என்று எப்படிச் சொல்வது?

அறம் பேசினாலே முகம் சுளிப்பவர்களும் துறைக்குள் இருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. 2014 ஆகஸ்டில் 'கேமர்கேட்' என்ற பெயரில் கிளம்பிய கூட்டம், இதழியல் அறம் என்ற கொடியைப் பிடித்துக்கொண்டுதான் பெண்களை வேட்டையாடியது. ஒரு பெண் கேம் உருவாக்குநர் ஒரு பத்திரிகையாளரோடு பழகி அதற்குக் கைம்மாறாக நல்ல விமர்சனம் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. அப்படி ஒரு விமர்சனம் எழுதப்படவே இல்லை. கொலை மிரட்டல்களுக்குப் பயந்து பெண்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் இதைக் கண்டித்து பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்றில் எழுதிய ஒரு ஃப்ரீலான்ஸர், தனக்கிருந்த பரிச்சயங்களைக் கட்டுரையின் அடியில் ஒழுங்காகக் குறிப்பிட்டே அனுப்பியிருந்தார். முக்கியமில்லை என்று எடிட்டர் அந்த வரிகளை நீக்கிவிட்டார். வசவு முழுவதும் எழுதியவர் தலையில் விழுந்தது. அவர் அந்தத் துறையையே விட்டு விலகினார்.

இதிலிருந்து 'அறம் பேசுவதே ஆபத்து' என்று முடிவெடுப்பது தவறு. அந்தக் கூட்டம் ஒரு தனிப் பெண்ணின் நட்புகளைத் தோண்டியது; விளம்பரப் பணத்தால் ஓர் ஆசிரியரை வெளியேற்றிய அதிகாரத்தையோ, காட்சிகளைக்கூடத் தானே தயாரித்துக் கொடுக்கும் நிறுவனத்தையோ நோக்கி அதன் கை நீளவில்லை. அறத்தின் பெயரால் நடந்த அநியாயத்துக்கு மருந்து, எது உண்மையான அறம் என்று தெளிவாகச் சொல்வதுதான். நாம் அந்த இடத்தைக் காலியாக விட்டால் வேட்டைக்காரர்கள்தான் வந்து உட்காருவார்கள்.

அப்படியானால் ஒரு ஃப்ரீலான்ஸருக்கு அறம் என்பது நடைமுறையில் என்ன? முதலாவது, எடிட்டருக்கு அனுப்பும் பிட்ச், அதாவது கட்டுரை யோசனை. அது ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. என்ன செய்தி, ஏன் இப்போது, யார் பேசுவார்கள், உங்களிடம் ஏற்கெனவே என்ன ஆதாரம் இருக்கிறது. கடைசியில் ஒரு வரி: இந்த விஷயத்தில் உங்களுக்கு இருக்கும் நட்பு, பணம், பழைய வேலை எல்லாம். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அந்த வரி கட்டுரையோடு அச்சாக வேண்டும் என்றும் கேளுங்கள். நீக்கினால் எழுத்தில் காரணம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எழுத்தாளருக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக் கூடாது.

இரண்டாவது, பக்க வருமானம். ஒரு கேம் வெளியாகும் முன் அதற்கு என்ன மதிப்பெண் வரும் என்று தெரிந்துகொள்ள, நிறுவனங்கள் விமர்சகர்களையே காசு கொடுத்து ரகசிய மாதிரி விமர்சனம் எழுதச் சொல்வதுண்டு. ஒரு கட்டுரைக்குக் கிடைப்பதைவிட இதில் நல்ல பணம் வரும். இதைச் செய்தவர் அந்தக் கேமைப் பற்றி மட்டுமல்ல, அந்த நிறுவனத்தைப் பற்றியே எழுதாமல் இருப்பதுதான் முறை. விளம்பர வாசகம் எழுதுவது, கேமுக்குக் கதை எழுதுவது எல்லாம் கௌரவமான வேலைகளே. அவற்றையும் விமர்சனத்தையும் ஒரே நேரத்தில் ஒரே நிறுவனத்திடம் வைத்துக்கொள்வதுதான் தவறு.

மூன்றாவது, பரிசும் பயணமும். 2014 ஏப்ரலில் பாரிஸில் 'வாட்ச் டாக்ஸ்' கேமைப் பார்க்கப் போன பத்திரிகையாளர்களுக்கு யூபிசாஃப்ட் நெக்ஸஸ் 7 டேப்லெட்டுகளைக் கொடுத்தது. விஷயம் வெளியே வந்ததும், இது எங்கள் வழக்கமல்ல என்று அந்த நிறுவனமே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. வாங்குவதற்கு முன் ஒரே சோதனை போதும்: 'இதை இன்னாரிடமிருந்து பெற்றேன்' என்று கட்டுரையின் அடியில் எழுத உங்களுக்குக் கூச்சமாக இருக்குமா? கூச்சமாக இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

நான்காவது, உங்களை நம்பிப் பேசுகிறவர்கள். கேம் ஸ்டூடியோ ஊழியர்கள் பெரும்பாலும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள். அலுவலக மின்னஞ்சலில் அவர்களோடு பேசாதீர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம், முடிந்தால் ஓர் ஆவணத்தோடும் சரிபாருங்கள். நிறுவனத்துக்குப் பதில் சொல்லப் போதிய நேரம் கொடுங்கள். பேசியவரின் பெயர் தெரியாமல் இருந்தால் போதாது. அவர் சொன்ன ஒரு சம்பவத்தை வைத்தே அவரை அடையாளம் கண்டுவிடலாம் என்றால் அந்தச் சம்பவத்தையும் விட்டுவிடுங்கள். நல்ல வரி போய்விடும்தான். அவருடைய வேலை தப்பும்.

எடிட்டர்களுக்கும் தள உரிமையாளர்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. எழுத்தாளரிடம் அறம் கேட்கிறவர்கள் அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும். மாதங்கள் பிடிக்கும் விசாரணைக் கட்டுரைக்கும் ஒரே நாளில் எழுதும் பட்டியலுக்கும் ஒரே ஊதியம் என்றால் யார் விசாரணை செய்வார்கள்? ஒப்பந்தத்தில் வழக்கு வந்தால் செலவு எழுதியவருடையது என்று ஒரு விதி இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். கட்டுரை வேண்டாம் என்று கைவிட்டால் அதுவரை செய்த வேலைக்குக் கில் ஃபீ கொடுங்கள். வழக்கு மிரட்டல் வரும்போது எழுதியவரைக் கைவிடாதீர்கள். 2012இல் பத்தி எழுத்தாளர் ராபர்ட் ஃபுளோரன்ஸ், விமர்சகர்களுக்கும் பி.ஆர். உலகத்துக்கும் இடையிலான நெருக்கத்தைக் கண்டித்து யூரோகேமரில் ஒரு பத்தி எழுதினார். அவதூறு வழக்கு பயத்தில் அதன் சில வரிகள் நீக்கப்பட்டன. அவர் அந்தப் பத்தியையே கைவிட்டு விலகினார். பெரிய தளம் பின்வாங்கும் இடத்தில் தனியாளை மட்டும் வீரம் காட்டச் சொல்ல முடியாது.

தமிழ் இளைஞர்களும் இந்தத் துறைக்கு முயல்கிறார்கள். ஆங்கிலத் தளங்களுக்கு இங்கிருந்தே எழுதலாம் என்பதால் 'இலவசமாக எழுது, பேர் வரும்' என்ற வலையில் விழும் ஆபத்தும் அதிகம். அவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் 'வெண்பா'வை வெளியிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், அம்மாவின் சிதைந்த சமையல் குறிப்பேடு, அதை வைத்து நாமே கண்டுபிடித்துச் செய்ய வேண்டிய இட்லி. 2024இல் சிறந்த அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. அதைப் பற்றி உலகெங்கும் எழுதினார்கள். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும் என்று வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர் எழுதக்கூடிய கட்டுரை வேறு. தமிழர் உருவாக்கிய கேம் என்பதற்காகக் குறைகளை மறைக்காமல், தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதினால், அந்தக் கட்டுரைக்கு எந்த பி.ஆர். தயவும் தேவையில்லை. உங்கள் அறிவும் உங்கள் நேர்மையுமே மூலதனம்.

நேர்மையாக எழுதினால் வாய்ப்பு நிச்சயம் வரும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. தளங்கள் மூடப்படும் இந்தக் காலத்தில் யாராலும் அதைத் தர முடியாது. நல்ல எழுத்தாளர்கள் பலர் வேலையில்லாமல் இருக்கிறார்கள். ஆனால் மறுபக்கக் கணக்கையும் பாருங்கள். வளைந்து கொடுத்தவர்களுக்கும் வேலை போகிறது. அவர்கள் வெளியே வரும்போது, வாசகர் பின்தொடர்ந்து வருவதற்கு ஒரு காரணமும் மிஞ்சுவதில்லை. கொட்டாகுவிலிருந்து வெளியேறியவர்கள் 2023இல் தொடங்கிய 'ஆஃப்டர்மாத்' தளமும், 2025இல் ஊழியர்களே விலைக்கு வாங்கிக்கொண்ட 'ஜயன்ட் பாம்' தளமும் இன்று வாசகர்களின் சந்தாவை நம்பி நிற்கின்றன. அந்தச் சந்தாவை வாசகர் கட்டுவது, கேம் நிறுவனத்தின் ஆளல்ல இவர் என்று நம்புவதால்.

ஆகவே இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்வது இதுதான். விளம்பரத்தில் சம்பாதிக்கும் எந்தத் தளத்துக்கும் இலவசமாக எழுதாதீர்கள். யாரிடம் எதை வாங்கினீர்கள் என்பதை வாசகரிடம் மறைக்காதீர்கள். கோடுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், அந்தக் கேமை உருவாக்கியவர்களில் ஒருவரைத் தேடிப் பேசுங்கள். முதல் கட்டுரையிலிருந்தே இப்படி எழுதுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தவர்களுக்கு அந்தப் பிறகு வந்ததே இல்லை.